மலையேறும் முன் ஹீட்டரைப் போட்டுப் பார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கொடைக்கானலில் ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கோடு முடியும்வரை திருப்பியும் சில்லென்ற காற்றுதான் வந்தது என்று எழுதியிருந்தாய். அந்தக் காரை உனக்கு முன் வைத்திருந்தவர் காரைக்காலைவிட்டு அதிகம் வெளியே ஓட்டியதில்லை. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தக் குமிழை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள், பழுது எப்போது வந்ததென்று சொல்லவும் ஆளில்லை. ஊருக்குத் திரும்பியாயிற்று, இனி அது எதற்கு என்று மட்டும் விட்டுவிடாதே. ஹீட்டர் சூடாகாத காரில் பல நேரம் எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கும்.

ஹீட்டருக்கென்று தனியாக எதுவும் எரிவதில்லை. எஞ்சினின் சூட்டைச் சுமந்துவரும் கூலன்ட், ஏறத்தாழ 90 டிகிரியில், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள்ளும் ஓடுகிறது. அதைத்தான் ஹீட்டர் கோர் என்கிறோம். புளோயர் தள்ளும் காற்றில் எவ்வளவு அதன் வழியே போக வேண்டும் என்பதை உள்ளே ஒரு தட்டு திறந்து மூடித் தீர்மானிக்கிறது. நீ திருப்பும் குமிழ் அசைப்பது அந்தத் தட்டைத்தான்.

காற்றே வரவில்லை என்றால் கூலன்ட் பக்கம் போகாதே. ஃபியூஸ், புளோயர் மோட்டார், அடைத்துப்போன கேபின் ஃபில்டர் இவற்றைப் பார். கடைசி வேகத்தில் மட்டும் காற்று வந்தால் பெரும்பாலும் ரெசிஸ்டர் போயிருக்கும். உன் காரில் காற்று வருகிறது, சூடுதான் இல்லை. ஆகவே விஷயம் வேறு.

காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் நீர், மூடி திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். அளவு குறைந்திருந்தால் பல கார்களில் முதலில் குளிர்ந்துபோவது ஹீட்டர்தான். கோர் உயரத்தில் இருப்பதால் காற்று போய் அங்கே அடைத்துக்கொள்ளும். ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. அது எங்கே போனது என்று கண்டுபிடி. முன் சீட்டின் கீழே கார்ப்பெட் ஈரமாக இருந்தாலோ, காருக்குள் இனிப்பான வாடை அடித்தாலோ, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போல் படிந்தாலோ ஹீட்டர் கோரே ஒழுகக்கூடும்.

அளவு சரியென்றால், டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வர வேண்டிய நேரம்வரை ஓட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தடுப்புக்குள் இரண்டு ஹோஸ் போவது தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு, விரலை லேசாக வைத்துப் பார். இரண்டும் சுடுகிறது, உள்ளே மட்டும் காற்று குளிர்கிறது என்றால் தட்டு அசையவில்லை. கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது அதை அசைக்கும் குட்டி மோட்டார் நின்றிருக்கலாம். ஒன்று சுட்டு இன்னொன்று ஆறியிருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது வழியில் இருக்கும் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே ஆறியிருந்தால் சூடான கூலன்ட் அங்கே வந்து சேரவேயில்லை.

நம் கடலோர ஊர்களில் இந்த மூன்றாவதற்கு மனிதக் கை ஒரு காரணம். தெர்மோஸ்டாட் வால்வு ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரியில் திறந்து கூலன்ட்டை முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அதுவரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சீக்கிரம் சூடாக்கும். ‘நம்ம வெயிலுக்கு இது எதுக்கு’ என்று சில ஷெட்களில் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. வெளியே வெயில் அடித்தாலும் எஞ்சின் அதன் சூட்டுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், எண்ணெயில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். மலைக் குளிரில் ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். முள் நடுவுக்கே ஏறாமல் கீழேயே கிடந்தால் முதலில் இதைச் சந்தேகப்படு.

கோர் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். கடற்கரையோரம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு என்பது உனக்கே தெரியும். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புக்கறையும் துருவும் முதலில் அடைப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் அதன் கேனில் சொன்ன அளவில் கலந்து ஊற்று. கலந்தே விற்கும் கேனாக இருந்தால் தண்ணீரே சேர்க்காதே. ஒழுகிய கோரை மாற்றாமல் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்து பைபாஸ் செய்வதும் உண்டு. டேஷ்போர்டைக் கழற்றும் கூலியை மிச்சப்படுத்தும் வழி அது. உன் காரில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

காரைக்காலில் ஹீட்டர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஐப்பசி, கார்த்திகை மழையில் திருநள்ளாறு சாலையில் ஓட்டிக் காட்டச் சொல். கண்ணாடியில் ஆவி படியும்போது ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை இறக்கும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும். இரண்டையும் சேர்த்துக் கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரம் தெளியும். எஞ்சின் சூடேறி முள் மேலே போகிறதென்றால், பாதுகாப்பாக ஓரங்கட்டும் வரை ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடு. உனக்கு வியர்த்துக் கொட்டும், எஞ்சினுக்குச் சற்றே மூச்சு கிடைக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கேள். மலையில் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் தூங்காதே. புகைக்குழாயில் ஓட்டையிருந்தாலோ அது அடைபட்டிருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

கூலன்ட்டை இறக்கினால் பழையதை வாய்க்காலில் ஊற்றாதே. அது இனிக்கும் நஞ்சு. நாயும் ஆடும் நக்கினால் சாகும். கேனில் அடைத்து ஷெட்டில் கொடு. இந்த வாரத்திலேயே ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்து, எது சுட்டது, எது சுடவில்லை, முள் எங்கே நின்றது என்று எழுது. கோரை மாற்ற வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா