திருச்சானூரில் வீடு, வேலூரில் வைத்தியம்: எந்த மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும்?

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் யாரிடமாவது, "வீட்டில் ஒருத்தருக்குப் பெரிய வியாதி என்றால் எங்கே கொண்டு போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எலும்பு என்றால் பர்ட், இதயமோ சிறுநீரகமோ என்றால் ஸ்விம்ஸ், நடுராத்திரி அவசரம் என்றால் ரூயா என்பார்கள். அங்கெல்லாம் தீராது என்றால் வேலூர் சி.எம்.சி. அல்லது சென்னை. பாலிசி தேடுவதை இந்தப் பதிலிலிருந்து தொடங்குங்கள். ஏஜென்ட் நீட்டும் பிரீமியம் அட்டவணையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாளில் நான்கு ஆஸ்பத்திரிகளின் பெயரை எழுதுங்கள்: திருப்பதியில் இரண்டு, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு. இந்த நான்கிலும் செல்லுபடியாகாத பாலிசி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? 2007-ல் ராஜசேகர ரெட்டி ஆட்சியில் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கிய மாநிலத் திட்டத்துக்கு இன்றைய பெயர் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை. ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர்ப் பலகை மாறுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் ஆரோக்கியஸ்ரீ கார்டுதான். ஒரு குடும்பத்துக்கான ஆண்டு உச்சவரம்பு 2023 டிசம்பரில் 25 லட்சம் ரூபாய் என்று ஆனது. கார்டு இருப்பவர்கள் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆனால் சிகிச்சையும் பட்டியலில் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருக்க வேண்டும். 2019 நவம்பரில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆஸ்பத்திரிகள் சிலவும் இதில் சேர்க்கப்பட்டன. அங்கே எல்லாச் சிகிச்சைக்கும் கார்டு செல்லாது. கிளம்புவதற்கு முன் திருப்பதி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கிய மித்ராவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் 70 வயது தாண்டியவர் இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆயுஷ்மான் வய வந்தனா கார்டில் 5 லட்சம் வரை உண்டு. ஆதார் இருந்தால் போதும். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இனி வேலைக்குப் போகிறவர்கள். ஸ்ரீசிட்டியிலோ ரேணிகுண்டா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளிலோ மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறீர்கள் என்றால் நீங்கள் ஈ.எஸ்.ஐ.க்குள் இருப்பீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி தருவது 3.25 சதவீதம். இவ்வளவு குறைந்த பணத்துக்கு இதற்கு ஈடான பாதுகாப்பை எந்தத் தனியார் கம்பெனியும் தராது. சாதாரணச் சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது, பழைய வியாதி என்ற பேச்சே கிடையாது. வரிசையில் நிற்க வேண்டும், பெரிய சிகிச்சைக்கு ரெஃபரல் வாங்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் நேரே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு உங்களுடையது.

சிக்கல் வருவது இன்கிரிமென்ட் வந்த பிறகு. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று அரையாண்டுக் கணக்கில் நடக்கிறது. மே மாதம் உங்கள் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் செப்டம்பர் வரை பிடிப்பார்கள். அதற்குரிய பலன் காலம் முடிந்ததும் கார்டு செயலிழக்கும். பலருக்கு இது தெரியவருவதே ஆஸ்பத்திரி வாசலில்தான். ஆகவே இன்கிரிமென்ட் கடிதம் கைக்கு வந்த மாதமே ஒரு சொந்த பாலிசி எடுங்கள். எந்தப் புது பாலிசியிலும் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பொதுவாக 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வியாதிக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஈ.எஸ்.ஐ. இருக்கும்போதே இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் நல்லது.

குரூப் பாலிசி கொடுக்கும் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கும் இதே பேச்சுதான். பெரும்பாலான குரூப் பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே சர்க்கரையும் பிரசவமும் அடங்கும். அம்மா அப்பாவைச் சேர்க்க முடிந்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். ஆனால் வேலையிலிருந்து விடுபடும் அன்றே அது உங்களைவிட்டுப் போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு, கழிந்த காத்திருப்புக் காலத்தோடு மாறிக்கொள்ள வழி உண்டு. அதை ஹெச்.ஆரிடம் நோட்டீஸ் பீரியடில் கேட்க வேண்டும். ரிலீவிங் லெட்டர் வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ஜீப் ஓட்டுகிறவர், லாட்ஜ் நடத்துகிறவர், தாயார் சன்னிதித் தெருவில் பூக்கடை போட்டிருப்பவர்: இவர்களுக்கு ஹெச்.ஆர். என்று யாரும் கிடையாது, பாலிசி வாசகத்தைத் தாங்களேதான் படித்தாக வேண்டும். முழுவதையும் படிக்க யாருக்கும் பொழுதில்லை. ஒரே ஒரு பக்கத்தையாவது படியுங்கள்: ரூம் வாடகை வரம்பு.

கணக்கோடு பார்ப்போம். 3 லட்சம் ரூபாய் பாலிசி, ரூம் வாடகை நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000. ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் ரூம்தான் காலி. "நாளைக்கு மூவாயிரம்தானே, நாமே போட்டுக்கொள்ளலாம்" என்று 5 நாள் தங்குகிறீர்கள். மொத்த பில் 2 லட்சம். ரூமுக்கு 30,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் 90,000, மருந்து, பரிசோதனை, உள்ளே வைத்த கருவி 80,000. ரூமில் பாதியை, 15,000-ஐ, வெட்டுவார்கள், அதை எதிர்பார்த்தீர்கள். நீங்கள் தகுதியானது 3,000 ரூபாய் ரூமுக்கு, தங்கியதோ அதன் இரு மடங்கில் என்பதால், டாக்டர், தியேட்டர் கட்டணத்திலும் பாதி, 45,000, போய்விடும். மருந்து, பரிசோதனை, கருவி ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது விதி. ஆக, 15,000 என்று நினைத்த இடத்தில் கையிலிருந்து போவது 60,000. கூடுதல் பிரீமியம் கொடுத்தாவது ரூம் வரம்பு இல்லாத பாலிசி, குறைந்தது தனி ஏ.சி. அறை என்று எழுதிய பாலிசி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பொறி நம் ஊர்க்காரர்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். சில பாலிசிகள் ஊர்வாரியாக மண்டலம் பிரித்து பிரீமியம் போடுகின்றன. திருப்பதி முகவரிக்குக் கட்டணம் குறைவு, சந்தோஷமாக எடுத்துவிடுவோம். பிறகு பெருநகரத்தில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை, கோ-பே என்று, நாமே கட்ட வேண்டும். எந்த நேரத்திலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓடக்கூடிய குடும்பத்துக்கு அந்தத் தள்ளுபடி லாபமில்லை.

எவ்வளவுக்கு எடுப்பது? என் கணிப்பில் நால்வர் குடும்பத்துக்கு 10 லட்சத்துக்குக் குறைவாக எடுப்பதில் அர்த்தமில்லை. பிரீமியம் கட்டுப்படியாகவில்லை என்றால் 5 லட்சம் அடிப்படை பாலிசியும், 5 லட்சத்துக்கு மேல் போகும் செலவை ஏற்கும் சூப்பர் டாப்-அப் ஒன்றும் சேர்த்து எடுங்கள், மலிவாக முடியும். பெற்றோரை உங்கள் குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியில் போடாதீர்கள். மூத்தவரின் வயதை வைத்துத்தான் மொத்தப் பிரீமியமும் ஏறும். அவர்களுக்குத் தனி பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது, பழைய விலையை மனதில் வைத்துப் பயப்பட வேண்டாம்.

புரொபோசல் ஃபார்மை ஏஜென்ட் நிரப்புகிறார், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்ற இடங்களில் அவர் "இல்லை" என்று டிக் அடித்திருந்தால், கிளெய்ம் மறுக்கப்படும்போது அவர் போனை எடுக்க மாட்டார். உண்மையைச் சொன்னால் பிரீமியம் கொஞ்சம் கூடும், 3 ஆண்டு காத்திருக்க நேரும், அவ்வளவுதான். 5 ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, எதையோ மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை நிராகரிக்க முடியாது. தவணையைத் தவறவிட்டு பாலிசி காலாவதியானால் இந்த உரிமையும் போச்சு.

அனுமதிக்கும் நாளில்: கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட உத்தரவு. கவுன்டரில் இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். கேஷ்லெஸ் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் ஒவ்வொரு அசல் பில்லையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரப்படுத்துங்கள்.

கிளெய்ம் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். ஆந்திராவில் குடியிருப்பவருக்கு ஹைதராபாத் அலுவலகம். பாலிசி கொடுத்த கிளை சென்னையில் இருந்தால் சென்னையிலும் கொடுக்கலாம். 50 லட்சம் வரையிலான வழக்கை எடுப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அந்த 30 நாளுக்குள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, உங்கள் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அதில் எழுதியிருக்கிறதா, ரூம் வரம்பு என்ன, நீங்கள் எழுதிவைத்த நான்கு ஆஸ்பத்திரிகளும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.