சின்னம் சூட்டுதலும் வழியனுப்புதலும்

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் பிரௌன்சித் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு பேடன் பவல் நடத்திய பாசறையே சாரணர் இயக்கத்தின் வித்தாகும். சிறு வயதினருக்கான குருளைச் சாரணர் பிரிவு 1916இல் அமைந்தது. குருளையர் கூட்டத்தை விட்டுச் சாரணர் படைக்கு உயரும் சிறுவனுக்கெனத் தனிச் சடங்கு ஒன்றும் வகுக்கப்பட்டது. ஏன்? விடைபெறுதலும் வரவேற்கப்படுதலும் சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிபவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதனை யான் ஒரு தவற்றின் வாயிலாகவே கற்றேன். மூன்றாண்டுகள் ஒரு கூட்டத்திற்கும் தவறாது வந்த ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். பள்ளி விழாவில் உரைகள் நீண்டுவிட்டமையால், அவனுடைய சின்னத்தைக் காகித உறையிலிட்டு மறுநாள் வகுப்பில் கொடுத்தேன். "நன்றி ஐயா" என்று வாங்கிக்கொண்டான். மறு ஆண்டு இடைநிலைப்பள்ளியில் அவன் சாரணர் படையில் சேரவில்லை. அவ்வுறைதான் காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும் அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆதலின், விழா நடத்துவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் நன்று.

முதலாவது, சின்னம் பெறுவோன் என்ன செய்து அதனைப் பெற்றான் என்பதை ஒரே வாக்கியத்தில் அனைவரும் கேட்கக் கூறவேண்டும். "முடிச்சுகள் கற்றான்" என்பதினும், "நண்பனின் காயத்திற்குத் தானே கட்டுப் போட்டான்" என்பது சிறப்பு.

இரண்டாவது, மேடையைத் தவிர்த்து, குருளையர் குதிரை லாட வடிவில் நிற்க, நடுவே கொடியை நாட்டுக. பெற்றோர் பின்வரிசையில் பார்வையாளராக அமர்ந்திருத்தல் வேண்டா. தாயோ தந்தையோ முன்வந்து தம் கையாலேயே சின்னத்தை அணிவிக்கட்டும்.

மூன்றாவது, அரைமணி நேரத்திற்குள் முடித்தல் வேண்டும். வெயிலில் நிற்கும் குழந்தைக்கு நீண்ட உரை தண்டனையே ஆகும். எச்சின்னமும் பெறாதவனையும் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்ட மறவற்க.

நான்காவது, மிக முதன்மையானது வழியனுப்புதல். நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் ஆண்டுக்குப் பின் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். பயிற்றுமொழியும் மாறுகிறது; பழகிய முகங்களும் இல்லை. ஆகவே, இரு திங்களுக்கு முன்னரே அப்பள்ளிகளின் சாரண ஆசிரியர்களுக்கு மடல் எழுதி அழைப்பு விடுக்க வேண்டும். விழாவன்று தரையில் ஒரு கயிற்றை இடுக. இப்புறம் குருளையர், அப்புறம் மூத்த சாரணர். சிறுவன் தன் நண்பர்களிடம் விடைபெற்று, கயிற்றைத் தாண்டுகிறான். அணித்தலைவன் இடக்கை நீட்டிச் சாரணர் முறைப்படி கைகுலுக்கி, தன் அணிக்கு அழைத்துச் செல்கிறான். புதிய பள்ளியின் முதல் நாளில், வாயிலில் அவனுக்குத் தெரிந்த ஒரு முகமேனும் இருக்கும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் அணியும் சின்னம் சிறு துணித்துண்டே. அதனைப் பெற நீங்கள் உழைத்த உழைப்பும், அதனைக் கண்டு மகிழ்ந்த உள்ளங்களுமே அதற்கு மதிப்பளிக்கின்றன. கயிற்றைத் தாண்டும் நாளில் அஞ்சாது காலடி வையுங்கள். அடுத்த ஆண்டு, உங்கள் பின்னே வரும் தம்பிக்கு இடக்கை நீட்ட நீங்களே அங்கு நில்லுங்கள்.