இயந்திரத்தின் குரல்

நுழையும்முன்
மீஞ்சூர்ச் சாலையோரம் சிறிது நேரம் நின்றால், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்குந்துகளின் ஒலி மாறி மாறிக் கேட்கும். ஓங்கி எழுந்த ஒலி சட்டெனத் தாழும். பின் மெல்ல எழும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அதனை விளக்குகிறது இப்பாடம்.

ஊர்தி வளர்த்த மண்
1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. எண்ணூரில் உள்ள அதன் ஆலை இப்பகுதியின் அடையாளங்களுள் ஒன்று. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. அங்கிருந்து கார்கள் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. ஊர்தியைச் செய்வோரும் செலுத்துவோரும் நிறைந்த இம்மண்ணில் அதன் இயக்கத்தை அறிவது இன்றியமையாதது.

கியர் எதற்கு?
நின்றிருக்கும் காரின் எஞ்சினும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு மிகவும் கீழே சென்றால் அணைந்துவிடும். அளவுக்கு மீறிச் சுழன்றால் பழுதுபடும். சக்கரமோ அசையாநிலையிலிருந்து பெருவேகம் வரை செல்லவேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே கியர்ப்பெட்டி. முதல் கியரில் எஞ்சின் பலமுறை சுழல, சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறையும், இழுக்கும் விசை பெருகும். மேல் கியர்களில் விசை குறைந்து வேகம் மிகும்.

கணக்கும் காதும்
ஒரு காரின் சக்கரம் ஒரு சுற்றில் 1.9 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 350 முறை சுழலும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் இரண்டாம் கியரில் 8 முறையும், மூன்றாம் கியரில் 6 முறையும், நான்காம் கியரில் 4 முறையும் சுழல்கிறது என்க. அப்போது எஞ்சினின் சுழற்சி முறையே 2800, 2100, 1400 ஆகும். கார் ஒரே வேகத்தில்தான் செல்கிறது. எஞ்சினின் வேகமே மாறுகிறது.

ஆகவே, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது எஞ்சின் 700 சுழற்சிகள் தணியவேண்டும். ஓட்டுநர் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதிக்கும் நொடியில் அது தணிகிறது. நாம் கேட்ட ஒலித்தாழ்வு இதுவே. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது எஞ்சின் அதே அளவு உயரவேண்டும். உயராத நிலையில் கிளட்சைச் சட்டென விட்டால் வண்டி குலுங்கும், கிளட்ச் தேயும்.

தவறினால்...
மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரில் செல்பவர், தவறி இரண்டாம் கியருக்கு மாற்றினால் சக்கரங்கள் எஞ்சினை 5600 சுழற்சிக்கு இழுத்துச் செல்லும். டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு அது எல்லை கடந்த வேகம். மழைச்சாலையில் சக்கரங்கள் வழுக்கவும் கூடும்.

இதே தொடர்பு நம்மைக் காக்கவும் செய்கிறது. கொல்லிமலைப் பாதையில் கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த முயலும். கியரை விடுவித்து இறங்குவோர் அத்துணையை இழக்கின்றனர். பிரேக் சூடேறிச் செயலிழக்க நேரலாம். எரிபொருளைச் சேமிப்பதாக எண்ணி உயிரைப் பணயம் வைக்கலாமா?

தெரிந்து தெளிவோம்
பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் அமைப்பு 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமாயிற்று. அவ்வமைப்பு இல்லாத பழைய லாரிகளில் ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்து, ஒலியைக் கேட்டே வேகத்தைப் பொருத்தினர்.

கற்பவை கற்றபின்
1. மேற்கண்ட காரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், மூன்றாம் கியரில் எஞ்சின் எத்தனை முறை சுழலும் எனக் கணக்கிடுக.
2. உங்கள் பகுதி ஓட்டுநர் ஒருவரிடம் கியர் மாற்றும் முறை குறித்துக் கேட்டறிந்து, அவர் கையாளும் சொற்களைத் தொகுக்க.