விளம்பரத்தில் காட்டியதும் பெட்டிக்குள் இருந்ததும்

அட்டாளைச்சேனை பிரதான வீதியில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடையொன்றில் நின்று பாருங்கள். "ஒரிஜினல் டிஸ்பிளேயா, கொப்பியா?" என்று வாடிக்கையாளர் கேட்பது காதில் விழும். எங்கோ ஒருமுறை ஏமாந்தவரின் கேள்வி அது. இதே மாதிரியான கேள்வியைத்தான் கணினி விளையாட்டு வாங்கும் இளைஞர்கள் இன்று பெரிய நிறுவனங்களிடம் கேட்கிறார்கள்: "இதைச் செய்தது மனிதனா, செயற்கை நுண்ணறிவா?" விளையாட்டுச் சமாச்சாரம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். இது முழுக்க வியாபாரக் கதை.

இளைஞர்களிடம் பிரபலமான ஒருவகை விளையாட்டில், ஆடுபவர் ஒரு பாத்திரமாக மாறிக் கற்பனை ஊருக்குள் நுழைவார். அங்குள்ளவர்களோடு பேசுவார், கொடுக்கல் வாங்கல் செய்வார். அந்த ஊர்வாசிகளை இயக்குவது கணினி. அவர்கள் எவ்வளவு புத்திசாலிகள் என்பதைச் சொல்லித்தான் விளம்பரம் நடக்கும்.

2004இல் ‘பேபிள்’ என்ற விளையாட்டு வந்தது. நீங்கள் நட்ட விதை காலப்போக்கில் மரமாகும் என்றெல்லாம் அதன் வடிவமைப்பாளர் பீட்டர் மொலினியூ முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்தால் அது இல்லை. அதே ஆண்டு அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2005இல் அமெரிக்காவின் பெதஸ்தா நிறுவனம் ‘ஒப்லிவியன்’ விளையாட்டைக் கண்காட்சியில் காட்டியது. ஊர்வாசிகள் தாமாகவே சிந்தித்து நடப்பார்கள் என்றது. 2006 மார்ச்சில் பொருள் கைக்கு வந்தபோது, அவர்கள் நேரத்துக்கு உண்டார்கள், உறங்கினார்கள், வேலைக்குப் போனார்கள். ஆனால் பேச்சு மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிரிப்பை வரவழைத்தது. இத்தனைக்கும் அது நல்ல விளையாட்டு, நன்றாகவே விற்றது. பொருளில் பெரிய குறையில்லை, வாய்தான் பொருளைவிட நீண்டுவிட்டது. அப்படிப்பட்ட வாக்குறுதிகளைக் கேட்டுப் பழகியவர்கள் இப்போது செயற்கை நுண்ணறிவு என்றாலே புருவத்தை உயர்த்துகிறார்கள்.

பிரான்சின் சாண்ட்ஃபோல் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அவர்கள் வெளியிட்ட ‘கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ உலகமே பாராட்டிய விளையாட்டு. வேலை நடக்கும்போது தற்காலிகமாக வைத்த, செயற்கை நுண்ணறிவால் செய்த சில படங்கள் தவறுதலாக உள்ளே தங்கிவிட்டன. சில நாட்களில் மாற்றியும் விட்டார்கள். சின்ன விடயம்தான். ஆனால் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஒரு விருதுக்கு விண்ணப்பிக்கும்போது, அப்படி எதுவும் பாவிக்கவில்லை என்று உறுதியளித்திருந்தார்கள். 2025 டிசம்பரில் கொடுத்த இரண்டு விருதுகளும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டன.

அதே மாதம் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனத் தலைவர் ஸ்வென் வின்கே, ஆரம்பகட்ட யோசனைகளைத் தேட இக்கருவிகளைப் பாவிப்பதாகத் தாமாகவே சொன்னார். முடிவான விளையாட்டில் அவை இராது என்றும் சொன்னார். அவருக்கும் திட்டு விழுந்தது. ஆக, உண்மையைச் சொன்னாலும் செலவு உண்டு. ஆனால் அவரிடம் ரசிகர்கள் கேள்வி கேட்கலாம், அவரும் பதில் சொல்லலாம். 2026 ஜனவரியில், முன்னோட்டப் படங்கள் வரைவதில் அக்கருவிகளைத் தவிர்ப்பதாக அவர் அறிவித்தார்.

இணையத்தில் விளையாட்டு விற்கும் ‘ஸ்டீம்’ கடை, 2024 ஜனவரியிலிருந்து செயற்கை நுண்ணறிவுப் பாவனையை விற்பனைப் பக்கத்திலேயே தெரிவிக்கச் சொல்கிறது. எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையை வியாபாரிக்குத் தடைசெய்கிறது. கீரிச்சம்பாவில் வேறு அரிசி கலந்து விற்பவருக்கும் அது பொருந்தும்.

டிஸ்பிளே கடைக்காரர் பற்றுச்சீட்டில் ‘கொப்பி’ என்று எழுதி, விலையையும் அதற்கேற்பப் போட்டால், இரண்டொருவர் அடுத்த கடைக்குப் போகக்கூடும். மற்றவர்கள் தெரிந்தே வாங்குவார்கள். மூன்று மாதத்தில் திரை மங்கினாலும் சண்டைக்கு வரமாட்டார்கள், அடுத்த டிஸ்பிளே போட வருவார்கள்.