ஐந்து ஏக்கர், நாலு பிள்ளைகள்

வெல்லாவெளியில் இருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். ஐந்து ஏக்கர் வயல். மூன்று பெண்ணும் ஒரு ஆணுமாக நாலு பிள்ளைகள். மூத்தவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. அடுத்தவளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பகுதி வீட்டோடு வயலும் கேட்கிறது. "எங்கட அப்பாட காலத்தில எட்டு ஏக்கர் இருந்த. என்ட கையில அஞ்சு. பேரப்பிள்ளைகள்ர காலத்தில வரம்பு மட்டுந்தான் மிஞ்சும் போல. சனம் பெருகினதுதானே காரணம்? இந்த வயல எப்பிடிப் பிரிக்கிற?" என்று கேட்கிறார்.

தம்பி, வயலைப் பிரிக்க வேண்டாம், உரிமையைப் பிரியுங்கள். அதை எப்படிச் செய்வதென்று சொல்லும் முன் அந்தச் சனக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதைப் பிழையாக விளங்கிக்கொண்டால் வயல் விசயத்திலும் பிழை விடுவோம்.

1946 கணக்கெடுப்பில் இலங்கையில் 66 இலட்சம் பேர். 1981இல் 148 இலட்சம். ஆட்கள் திடீரென்று கூடுதலாகப் பிள்ளை பெறத் தொடங்கியதால் வந்த பெருக்கம் இல்லை இது. பிறப்பு முன்போலவே இருக்க, சாவு குறைந்தது. மலேரியாவுக்கு வீடு வீடாக டீ.டீ.ரி அடித்த காலம் அது. ஆஸ்பத்திரிகளும் மருத்துவ மாதுகளும் ஊருக்குள் வந்த காலமும் அதுதான். 1946இல் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த சாவு அடுத்த வருடமே 14 ஆக இறங்கியது. ஏழு பெற்று மூன்றைப் புதைத்த வீடுகளில் ஏழும் தங்கத் தொடங்கின. உங்கள் அப்பாவின் தலைமுறையும் உங்கள் தலைமுறையும் அப்படித் தங்கியவர்கள்.

தங்கியவர்களுக்கு நிலம் வேண்டும். அரசாங்கம் காட்டை வெட்டிக் குடியேற்றியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நம் கண் முன்னால் நடந்தது. உலர்வலயத்தின் முதற் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். மகாவலித் திட்டத்துக்கு வரும்போது இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் மேட்டுக்காணி. எட்டு மூன்றாகிவிட்டது. சனத்தொகை வரைபடம் பார்க்கத் தெரியாதவர் இந்த இரண்டு கணக்கைப் பார்த்தால் போதும்.

பிறப்போ எப்போதோ இறங்கிவிட்டது. 1950களில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேல் என்றிருந்தது, 2000 ஆகும்போது இரண்டளவு. பெண்பிள்ளைகள் படித்தார்கள், பிந்திக் கல்யாணம் முடித்தார்கள், குடும்பக்கட்டுப்பாட்டு முறைகள் கிராமம் வரை வந்தன. 2019இல் நாட்டில் 3 இலட்சத்து 19 ஆயிரம் பிள்ளைகள் பிறந்தன. 2023இல் 2 இலட்சத்து 48 ஆயிரம்தான். ஆகவே உங்கள் வயலைச் சுருக்குவது பழைய பெருக்கம். உங்கள் மகள்மார் குறைவாகப் பெற்றாலும் கூடப் பெற்றாலும் இந்த ஐந்து ஏக்கரின் கதை மாறாது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமில்லை. 2022 நவம்பர் 15ஆம் திகதி உலகம் 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. நைஜர் போன்ற நாடுகளில் இன்றும் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளை அளவில் இருக்கிறது. அங்கேயும் சாவுதான் முதலில் குறைந்தது. காணித் துண்டாட்டமும் அங்கே உண்டு. ருவாண்டாவில், ஒரு ஹெக்டேயருக்குக் கீழே போகும்படி விவசாயக் காணியை வெட்டக் கூடாதென்று 2013இல் சட்டமே போட்டார்கள். சனம் எழுத்தில்லாமல் வெட்டிக்கொண்டுதான் இருந்தது. சட்டத்தை நம்பியிருந்து பலனில்லை, வீட்டுக்குள் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இனி உங்கள் வயல். ஒரு ஏக்கரைச் சிலுவை போல நாலாக வெட்டினால் நானூறு அடிக்கு மேல் புது வரம்பு கட்ட வேண்டும். இரண்டடி அகலம் என்றால் மூன்று பேர்ச் நிலம் போய்விடும். அது சின்ன நட்டம். வரம்பு கூடினால் எலி வளையும் கூடும், தண்ணீர் மறிக்கும் சண்டையும் கூடும். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தபோது படுவான்கரையில் ஒரு வட்டையில் பார்த்தேன்: அண்ணன் தம்பிகள் பங்கு போட்ட வயல், விளைந்து சாய்ந்து கிடந்தது. வெட்டு மெசின்காரப் பொடியன் இறங்கி வந்து, வரம்பில் நின்று கண்டத்தை ஒருதரம் பார்த்தான். "இதுக்குள்ள மெசினக் கிறுக்கேலா ஐயா" என்றுவிட்டுப் போய்விட்டான். நாலு நாள் கழித்து ஆள் பிடித்து வெட்டினார்கள், அதற்குள் மழை.

முதலில் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் வயல் உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புக் காணியா? ஐந்து ஏக்கரும் ஒரே வகை என்று நினைத்துக்கொண்டிருந்து, பிறகு இரண்டு ஏக்கர் பேர்மிட் என்று கண்டவர்கள் எத்தனையோ பேர். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் நொத்தாரிசிடம் போய்ச் சீதனமாக எழுதினால் அந்த எழுத்துச் செல்லாது. அதற்குப் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிய வேண்டும். மூத்த மகனுக்கே முதல் உரித்து என்றிருந்த பழைய ஒழுங்கை 2022இல் திருத்திவிட்டார்கள். ஆண் பெண் வித்தியாசம் இப்போது இல்லை.

உறுதிக் காணி என்றால், நாலு பேருக்கும் பிரிபடாத நாலில் ஒரு பங்கு என்று எழுதலாம். நிலம் ஒன்றாகவே கிடக்கும். மாப்பிள்ளை பகுதி "துண்டு காட்டுங்கள்" என்று நிற்கும். காட்டாதீர்கள், உறுதியைக் காட்டுங்கள். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. பிரிபடாத பங்குக்காரர் எவரும் நீதிமன்றம் போய்ப் பங்கீடு கேட்கலாம், தன் பங்கை வெளியாருக்கும் விற்கலாம். அதனால் உறுதியோடு சேர்த்து ஒரு குடும்ப உடன்படிக்கையும் எழுதுங்கள்: விற்பதென்றால் முதலில் கூடப்பிறந்தவர்களிடம் கேட்க வேண்டும், விலையை எப்படித் தீர்மானிப்பது, செய்கை பண்ணுவது யார், மற்றவர்களுக்குப் போகத்துக்கு எத்தனை மூடை நெல். காசாக எழுதாதீர்கள், நெல்லாக எழுதுங்கள். விலை ஏறி இறங்கினாலும் மனம் கசக்காது. போகத்துக்குப் போகம் ஆள் மாறிச் செய்வதும் உண்டு, ஆனால் மாறிச் செய்கிறவர் மண்ணுக்குப் பசளை போட மனமில்லாமல் இருப்பார். ஒருவரே செய்வது நல்லது என்பேன். அவருடைய பெயரைக் கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் சரியாகப் போட்டுவையுங்கள், பசளை மானியம் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வரும்.

ஒன்றும் எழுதாமல் கண்ணை மூடலாம் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் நமக்கு இல்லை. பொதுச் சட்டப்படி பாதி உங்கள் மனைவிக்கு, மற்றப் பாதி நாலு பிள்ளைகளுக்கும் சமமாக. வீடு வாங்கிய மூத்தவளும் வாங்காத கடைசியும் எப்படி ஒரே தட்டில் நிற்பது என்று கேள்வி வரும். சண்டை அங்கேதான் தொடங்கும்.

காணி போதாதென்று காட்டோரத்தை வெளியாக்கப் போவதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 2019இல் மட்டும் இந்த நாட்டில் யானையால் 121 பேர் செத்தார்கள்; செத்த யானைகள் 400க்கு மேல், பெரும்பாலும் மனிதர்களால். அந்த ஓரத்தில் ஒரு ஏக்கர் விதைத்தால் இரவெல்லாம் பரணில் இருக்க ஒரு மகன் வேண்டும். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மகன், அவரும் கட்டாரில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் லீவில் வரும் மாதம் எது என்று கேளுங்கள். அந்த மாதத்திலேயே நாலு பேரையும், மருமகனையும், வரப்போகும் மாப்பிள்ளையையும் கூட்டி உடன்படிக்கையை வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணத்துக்கு முன்னால் செய்யுங்கள். பெட்டகத்தில் கிடைக்கும் உறுதி, பேர்மிட் எல்லாவற்றிலும் முதற் பக்கத்துப் பிரதி எடுத்து எனக்கு அனுப்பினால், எது எந்த வகை என்று பார்த்து எழுதுகிறேன்.