பிற்செலவுச் சமன்பாட்டை வரைந்து காண்டல்

ஒரு மாறியின் பெறுமானத்தை ஏனைய மாறிகளைக் கொண்டு மதிப்பிடும் முறையைப் புள்ளிவிபரவியலார் பிற்செலவு என்பர். சமன்பாடு எளிய நேர்கோடாக உள்ளவரையில் அதன் குணகங்களை அட்டவணையிலேயே வாசித்துப் பொருள் கொள்ளலாம். இருபடி உறுப்போ, இரு மாறிகளின் பெருக்கமாகிய இடைத்தாக்க உறுப்போ சேர்ந்தவிடத்து அவ்வாறு வாசித்தல் பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும். மாணவர் பலர் இடறுவது இவ்விடத்திலேயாதலின், இதனை ஓர் உதாரணத்தால் விளக்க முற்படுகின்றோம்.

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர் என்னும் இலவச மென்பொருளுடன், மோட்டர் ட்ரெண்ட் என்ற அமெரிக்கச் சஞ்சிகையின் 1974 ஆம் ஆண்டு இதழிலிருந்து பெற்ற 32 கார்களின் விபரம் சேர்ந்தே வருகின்றது. ஒரு கலன் எரிபொருளுக்கு ஓடும் மைல்களை, ஆயிரம் இறாத்தலில் அளந்த எடையின் இருபடிச் சமன்பாடாக அமைப்போம். மாறிலி 49.93, எடையின் குணகம் −13.38, எடை வர்க்கத்தின் குணகம் +1.17. இவ்வளையி ஏறத்தாழ 5,700 இறாத்தலில் திரும்பி மேலெழும். அதற்கப்பால் கார் பாரமாகப் பாரமாக எரிபொருள் மிச்சமாகும் என்றன்றோ பொருள்படும்! தரவிலுள்ள மிகப் பாரமான காரோ 5,424 இறாத்தலே. வரைபை அவ்வெல்லையில் நிறுத்தினால் இம்மயக்கம் எழாது.

வர்க்கத்தைத் தனி நிரலாகக் கணித்துச் சேர்ப்பதும் தகாது. மென்பொருள் அதனைத் தொடர்பற்ற வேறொரு மாறியாகக் கருதும். வரைதற் கருவி அதனைச் சராசரியில் நிறுத்திவிட்டு எடையை மட்டும் மாற்ற, வளையி இருக்கவேண்டிய இடத்தில் நேர்கோடு தோன்றும். வர்க்கத்தை வாய்பாட்டினுள்ளேயே, ‘ஐ’ என்னும் சார்பின் அடைப்புக்குள் எழுதுதல் வேண்டும். அவ்வடைப்பின்றி எழுதினால் வர்க்க உறுப்பு ஓசையின்றி மறைந்துபோம்.

இனி, வர்க்கத்தை நீக்கி, குதிரைவலுவையும் அதற்கும் எடைக்குமுள்ள இடைத்தாக்கத்தையும் சேர்ப்போம். எடையின் குணகம் −8.22 என வரும். ஆயிரம் இறாத்தல் கூடினால் 8 மைல் குறையும் என எழுதிவிடலாகாது. அது குதிரைவலு பூச்சியமான காருக்கே பொருந்தும். அத்தகைய காரை மாடு பூட்டித்தான் இழுக்கவேண்டும். இடைத்தாக்கக் குணகம் +0.02785 ஆதலின், 100 குதிரைவலுவில் குறைவு 5.4 மைல், 200 இல் 2.6 மைல் மாத்திரமே. எடையின் விளைவு ஒன்றன்று, பல.

ஆகவே குதிரைவலுவின் சில பெறுமானங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் எடையை மாற்றி, ‘பிரெடிக்ட்’ என்னும் சார்பினால் மதிப்பீடுகளைப் பெற்றுத் தனித்தனிக் கோடுகளாக வரைதல் வேண்டும். ‘ஏபிலைன்’ என்னும் கட்டளை இதற்கு உதவாது. அது முதலிரு குணகங்களை மட்டும் எடுத்துக் கோடு கீறிவிடும். எச்சரிக்கை ஒன்று தருமெனினும் அதனை வாசிப்போர் சிலரே.

கோடுகளின் நீளத்தையும் கவனித்தல் வேண்டும். 200 குதிரைவலுவுக்கு மேற்பட்ட கார்களுள் மிக இலேசானது 3,170 இறாத்தல். அக்கோட்டை 2,000 இறாத்தலிலிருந்து தொடங்குவோமாயின், அதன் முற்பகுதி தரவில் இல்லாத கார்களைப் பற்றியதாகவே அமையும்.