பாட்டுக்கு ஏற்ற பெட்டியா, பெட்டிக்கு ஏற்ற பாட்டா?

வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு செட் வாங்க நினைப்பவர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. கையில் இருக்கும் பாட்டுகள் நன்றாகக் கேட்டால் போதும் என்று ஒரு தொகையோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது, ஒலி துல்லியமாகும்வரை ஆம்ப், டிஜிட்டல் பதிவை ஒலிச் சமிக்ஞையாக்கும் டி.ஏ.சி., கேபிள் என்று மாற்றிக்கொண்டே போகலாம். இரண்டாவது வழிக்காரர்களைப் பணக்கொழுப்பு என்று கேலி செய்வது நியாயமில்லை. உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரில் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் டக்டக்கென்று வரும். இடப்பக்கத் தொப்பியின் கும்கி நாதம் காணாமல் போய்விடும். பாதி வாசிப்பைத் தொலைத்துவிட்டு ரசனை பேசுவதில் பொருளில்லை. ஒலியில் அக்கறை வேண்டும்தான். எந்த இடத்துக்குமேல் அந்த அக்கறை பலன் தருவதில்லை என்பதே கேள்வி. கடைக்காரர் காட்டும் இடத்துக்கு வெகு முன்னாலேயே அது வந்துவிடுகிறது என்பது என் தரப்பு.

1982இல் சி.டி. விற்பனைக்கு வந்தபோதே மனிதக் காது எட்டக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ்வரை பதிவுசெய்யும் திறன் அதற்கு இருந்தது. வயது ஏற ஏற அந்த மேல்முனை காதிலிருந்து தானாகவே கழன்றுவிடும். அதையும் தாண்டிய ‘ஹை-ரெஸ்’ ஒலி வேறாகக் கேட்கிறதா என்று அமெரிக்காவில் மேயர், மோரன் இருவரும் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். உயர்தரத் தட்டின் ஒலியை நேராகவும் சி.டி. தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். பயிற்சி பெற்ற காதுக்கு வித்தியாசம் தெரியும் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது சரியான விடை 52.3 சதவீதம் வந்தது, பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் அதிகம். தற்செயல் என்று அதைத் தள்ள முடியாது. ஆனால் ஒப்பிடுவதையே வேலையாக வைத்துக் கேட்கும்போதே இவ்வளவுதான் என்றால், ஃபேன் சுழலும் கூடத்தில் என்ன மிஞ்சும்? இன்னொரு சான்று 2022இல் கிடைத்தது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த ரெக்கார்டுகள் பலவற்றின் தயாரிப்பில் 2011 முதலே டிஜிட்டல் படி ஒன்று இருந்ததாம். அனலாக் தூய்மை என்று அவற்றைக் கொண்டாடியவர்கள் ஏராளம். விஷயம் வெளியே வந்தது காதால் அல்ல, பேச்சால்.

பணத்தைப் போட வேண்டிய இடம் ஸ்பீக்கர். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் நடத்திய சோதனைகளில், ஸ்பீக்கரைப் பார்க்காமல் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஸ்பீக்கரையே விரும்பினார்கள்: அடிமுதல் நுனிவரை எதையும் தூக்காமல், எதையும் அமுக்காமல் சமனாக ஒலிப்பதை. பின்னர் 1994இல் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரிடம் திரையை விலக்கிக் காட்டியதும் அவர்கள் போட்ட மதிப்பெண் மாறிவிட்டது. பெட்டியின் அளவும் பளபளப்பும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

ஸ்பீக்கருக்கு அடுத்தது அறை. இதைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை, விற்க முடியாத பொருள் என்பதால். நம் வீடுகளின் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கி வீங்கும். பாஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பாஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டோடு நடந்து போகும். அந்த நடையில் ஒரு ஸ்வரம் மட்டும் திடீரென்று தடித்தால் ஆம்பைத் திட்ட வேண்டாம், சுவரைப் பாருங்கள். அந்த இரு சுவர்களுக்கும் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே ஸ்வரம் மெலியும், ஏதாவது ஒன்றோடு ஒட்டி உட்கார்ந்தால் உறுமும். நாற்காலியை இரண்டடி நகர்த்தக் காசு வேண்டாம். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் ‘டிர்ர்’ என்று ஒரு வால் நீண்டால் ஜமுக்காளமும் கனத்த திரையும் புத்தக அலமாரியும் தேவை. கேபிளுக்கு, போதிய தடிமனுள்ள செம்புக் கம்பி போதும்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒலியைத் துரத்தினால் என்ன கேடு? கேட்கும் பாட்டே மாறிவிடுவதுதான். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 சுற்று இசைத்தட்டில், பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சமாகப் பதிவானது. சபாக்களில் டேப் ரெக்கார்டரில் பிடித்துக் கைமாறி வந்த கச்சேரிகள், வானொலிப் பதிவுகள், தேய்ந்த கேசட்டுகள் எல்லாம் குறையோடு வந்த செல்வங்கள். மேல் ஒலிகளைத் தூக்கிக் காட்டும் செட்டில் போட்டால் இரைச்சல்தான் முன்னால் வந்து நிற்கும். செட்டின் சொந்தக்காரர் மெல்ல மெல்ல அவற்றை விட்டுவிடுகிறார். செட்டின் திறமையைக் காட்டும் ஏழெட்டு ஆல்பங்களே திரும்பத் திரும்ப ஓடுகின்றன. புதுப் பதிவானால் தப்பித்தோம் என்றும் இல்லை. மெட்டாலிகா ராக் குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் 2008இல் ஏற்ற இறக்கமெல்லாம் நசுக்கப்பட்டு சி.டி.யில் வந்தது, அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் அவ்வளவு நசுங்காமல் கேட்டன. நசுங்கிய தட்டை எந்த டி.ஏ.சி.யும் நிமிர்த்தாது. அந்தப் பணத்துக்கு நல்ல பதிப்புகளைத் தேடி வாங்கலாம்.

எனவே முதலில் உங்கள் பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். பழைய கச்சேரியும் அறுபதுகளின் திரைப்பாட்டும்தான் அதிகம் என்றால், குரல் இயல்பாக வரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் சாதாரண ஆம்பும் போதும், சப்வூஃபர் வேண்டாம். ரஹ்மானுக்குப் பிந்தைய பாட்டுகளே உயிர் என்றால் சப்வூஃபருக்குப் பணம் ஒதுக்கலாம், அறையைச் சரிசெய்த பிறகு. வாடகை வீடு, மெல்லிய சுவர், தூங்கும் குழந்தை என்றால் ஹெட்ஃபோன். அறையின் தொல்லையே அதில் இல்லை. கருவிகளை மாற்றிப் பார்ப்பதே இன்பம் என்பவருக்கு என் வாதம் பொருந்தாது. அது தனிப் பொழுதுபோக்கு, மதிக்கத்தக்கதும்கூட. செலவை இசைக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

கடையில் போட்டுக்காட்டும் டெமோ பாட்டை நம்பாதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே நீங்கள் மிகவும் விரும்பும் தேய்ந்த பதிவைக் கொண்டுபோங்கள். இரண்டு செட்டிலும் சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். இம்மி கூடுதலாக ஒலித்தாலும் அதுதான் மேல் என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். விலைச்சீட்டைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆலாபனையை முழுதாகக் கேட்க முடிந்தால் பில் போடச் சொல்லலாம்.